இன்டெல் வைஃபை என்று சொல்லி விற்ற மடிக்கணினி: 62,500 ரூபாய் போனது

கச்சான் விற்ற காசில் மிஞ்சியிருந்த 62,500 ரூபாயைக் கடந்த சனிக்கிழமை வவுனியாவில் பாவித்த கணினிகள் விற்கும் கடையொன்றில் கொடுத்து ஏமாந்துவிட்டேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதற்காகப் பழைய மடிக்கணினி தேடும் வேறொருவரும் இப்படி ஏமாறக்கூடாது என்று ஆத்திரம் ஆறுமுன்னரே எழுதுகிறேன்.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. எங்கள் கைக்கு எட்டும் விலையிலுள்ள இயந்திரங்களில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. ஆகவே உயர்தரம் படிக்கும் தங்கைக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனைப் போட்டுக் கொடுக்க முடிவெடுத்தேன். ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி ஹொட்ஸ்பொட்டைத் தவிர வேறு இணைப்பு இல்லாததால், வைஃபை சிப் எது என்பதை முதலிலேயே கடைக்கு அழைத்துக் கேட்டேன்; இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் லினக்ஸில் சிக்கலின்றி ஓடும். விளம்பரத்தில் இருந்தபடியே, "இன்டெல்தான் தம்பி" என்றார்கள்.

என் பையில் டெபியன் ஏற்றிய பென்ட்ரைவ் இருந்தது. செருகிப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது, "நாங்கள் செக் பண்ணாமல் ஒண்டும் வைக்கிறதில்லை, லினக்ஸ் சும்மா ஓடும். மாங்குளம் பஸ் வெளிக்கிடப் போகுது, பாத்துக்கொள்ளுங்கோ" என்றார் கடைக்காரர். அப்பாவின் வயதிருக்கும் அவருக்கு. தேநீரும் எடுப்பித்துத் தந்தார். விண்டோஸில் யூடியூப் ஓடுவதைக் காட்டினார். பென்ட்ரைவை வெளியே எடுக்காமலே 62,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

அன்றிரவு டெபியன் ஏறியது, வைஃபை வரவில்லை. உள்ளே இருந்தது பிரோட்கொம் நிறுவனத்தின் பிசிஎம்43142 (BCM43142) வைஃபை சிப். லினக்ஸின் மையமான கேர்னலில் உள்ள திறந்த இயக்கிகள் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்கள்) அந்தச் சிப்பைத் தொடுவதில்லை. உற்பத்தியாளரின் மூடிய இயக்கி ஒன்றுதான் வழி. தொலைபேசியைக் கேபிளில் கொழுவி அதை இறக்கி, விடியும்வரை இருந்து நிறுவினேன். இணைப்பு வந்தும் அறுந்துகொண்டே இருந்தது. பிறகு கிளிநொச்சியில் இன்டெல் வைஃபை அட்டையொன்று வாங்கிப் பூட்டினேன். அந்த இயந்திரத்தின் பயோஸ், அதாவது கணினியை முதலில் தொடக்கிவைக்கும் மென்பொருள், தன் பட்டியலில் இல்லாத அட்டையை ஏற்காமல் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது.

கடைக்கு எடுத்த முதல் அழைப்பில் "டெக்னீஷியனிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்றார்கள். இரண்டாவதில் "விண்டோஸில வேலை செய்யுதுதானே, லினக்ஸ் போட்டது உங்கட விருப்பம்" என்றார்கள். மூன்றாவது அழைப்பை எடுக்கவேயில்லை. நேற்று நேரே போனேன். தேநீர் தந்த அதே மனிதர் கதிரையில் இருந்து எழும்பாமலே பற்றுச்சீட்டின் அடியைக் காட்டினார்: விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது. அதில் "லப்டொப் 1, 62,500" என்பதற்கு மேல் எதுவும் எழுதப்படவில்லை. இன்டெல் என்று சொன்னீர்களே என்றேன். "நான் சொன்னதுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டார். 62,500 ரூபாய். அம்மா வெயிலில் குனிந்து பிடுங்கிய கச்சான் அது.

வாங்கும் முறையை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. கடையிலேயே பென்ட்ரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டு, உள்ளேயிருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையில் வைஃபை சிப்பின் பெயரைப் பாருங்கள். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 தொடக்கம் சிப்புகளுக்குத் தேவையான மூடிய ஃபேர்ம்வேரும் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) சேர்ந்தே வருவதால், இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் அங்கேயே வலையமைப்புகளைக் காட்டும். சிப்பின் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்து வாங்குங்கள். வெளியே செருகும் யுஎஸ்பி வைஃபை வாங்குவதென்றாலும் மாதிரி எண்ணை மட்டும் நம்பாதீர்கள், ஒரே எண்ணில் பதிப்புக்குப் பதிப்பு சிப் மாறும். பஸ் வெளிக்கிடப் போகுது என்று அவர்கள் சொன்னாலும், பார்த்து முடிக்காமல் காசை எடுக்காதீர்கள்.