வேகநடையா, ஸ்ட்ரெச்சிங்கா? மூளைக்காக நான் மாறிய கதை

எனக்கு 56 வயது. போன வருஷம் வரைக்கும் மாடியில் பாய் விரித்து கைகாலை நீட்டி மடக்குவதுதான் என் உடற்பயிற்சி. தெரிந்தவர் எதிரே வந்து நின்றும் பெயர் நாக்கில் வராமல் போகத் தொடங்கியபோது, மூளைக்கு எது நல்லது என்று தேடிப் படித்துவிட்டு வேகநடைக்கு மாறினேன்.

செலவில் பெரிய வித்தியாசமில்லை, நடைக்கு நல்ல ஷூ ஒன்று வேண்டும். இடுப்புப் பிடிப்புக்கு ஸ்ட்ரெச்சிங்தான், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் யோசிக்கும் திறன் என்று வந்தால், மூச்சு வாங்குகிறதா இல்லையா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதயம் வேகமாக அடிக்கும்படி வாரக்கணக்கில் விடாமல் செய்யும்போதுதான் பலன் தெரிகிறது. இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்தே அமெரிக்காவில் சோதித்திருக்கிறார்கள். 2011-ல் வந்த ஆய்வில் 55 முதல் 80 வயதுக்குள் 120 பேர். ஒரு குழு வாரம் மூன்று நாள் நடந்தது, படிப்படியாக 40 நிமிடத்துக்கு ஏற்றி. இன்னொரு குழுவுக்கு ஸ்ட்ரெச்சிங். ஒரு வருஷம் கழித்து எம்ஆர்ஐ எடுத்தால், நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் நடந்தவர்களுக்கு 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. ஆனால் ஞாபகச் சோதனையில் இரண்டு குழுவுமே ஒரே மாதிரி முன்னேறின, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2019-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு 20 முதல் 67 வயது வரை 132 பேரை எடுத்துக்கொண்டது. ஆறு மாதத்தில், திட்டமிடுவது, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது போன்றவற்றில் ஏரோபிக் குழு, அதாவது மூச்சு வாங்கும்படி பயிற்சி செய்தவர்கள், ஸ்ட்ரெச்சிங் குழுவை முந்தியது, வயது கூடக் கூட ஆதாயமும் கூடியது. ஞாபகசக்தியில் முன்னேற்றம் இல்லை. என் அனுபவமும் அப்படித்தான்: பெயர்கள் இன்னும் சிக்கிக்கொள்கின்றன, ஆனால் கணக்கு எழுதும்போது நடுவில் போன் வந்தால், பேசி முடித்து விட்ட இடத்திலிருந்தே தொடர முடிகிறது.

குழந்தைகளுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகள் 221 பேரில் பள்ளி முடிந்தபின் ஓடியாடிய குழுவின் கவனம் மேம்பட்டது, 2014-ல் அது வெளியானது. எதிர்முடிவும் உண்டு. 2022-ல் 585 முதியவர்களிடம் பதினெட்டு மாதம் உடற்பயிற்சியைப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. அதனால் நடந்தால் மறதி போய்விடும் என்று யாருக்கும் உறுதி சொல்ல மாட்டேன்.

என் கணக்கு வெறும் பதினோரு மாதம்தான். மூட்டுவலி உள்ளவர்களுக்கு சைக்கிளோ நீச்சலோ சரிவரலாம், நான் இரண்டையும் செய்து பார்த்ததில்லை. வேகத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு ஒன்றுதான்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாயையும் நான் எடுத்துப் போட்டுவிடவில்லை, நடந்து வந்ததும் பத்து நிமிஷம் அதில்தான்.