இரவு ஏழு மணிக்குப் பிறகு பட்டன் போன்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஆறு மாதங்களுக்கு முன் சென்னை ரிச்சி தெருவில் உள்ள ஒரு சிறிய கடையில் 2,250 ரூபாய் கொடுத்து 4ஜி பட்டன் போன் ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக்கொண்டே "அப்பாவுக்கா சார்?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றதும் என் முகத்தை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "ஸ்மார்ட்போன் ரிப்பேரா?" என்றார். இந்தக் காலத்தில் நாற்பது வயதைத் தாண்டாத ஒருவன் பட்டன் போன் வாங்குவதற்கு இவ்விரண்டைத் தவிர மூன்றாவது காரணம் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அது எந்த நிறுவனத்தின் போன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இந்த விலையில் கிடைக்கும் போன்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றன, நான் சொல்லப்போகும் நிறைகுறைகளும் அந்த வகைக்குப் பொதுவானவையே.

வாங்கிய காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கூகுளும் ஆப்பிளும் 2018ஆம் ஆண்டிலேயே, நாம் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் திரையைப் பார்க்கிறோம் என்று கணக்குக் காட்டும் வசதியைத் தங்கள் போன்களுக்குக் கொண்டுவந்துவிட்டன. என் ஆண்ட்ராய்டு போன் காட்டிய கணக்கு நாளொன்றுக்கு ஐந்து மணி பத்து நிமிடம். போனைத் திறந்த தடவைகள் 112. செயலிகளுக்கு நேர வரம்பு வைத்துப் பார்த்தேன். வரம்பு தீர்ந்ததும் செயலியின் படம் சாம்பல் நிறமாகிவிடும், அமைப்புகளுக்குள் போய் அதே வரம்பை நானே நீட்டிக்கொள்வேன். பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிவதைப் போன்ற காரியம் அது என்பது புரிவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அதன் பிறகுதான் ஐந்து மணி நேரத்தை விட்டுவிட்டு அந்த 112ஐக் கவனிக்கத் தொடங்கினேன். ஒரு வாரம், போனை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எதற்காக எடுத்தேன் என்று ஒரு சிறு நோட்டில் குறித்துவைத்தேன். மணி பார்க்க, அலாரம் வைக்க, மொட்டை மாடிப் படியில் டார்ச் அடிக்க, தங்கைக்குப் போன் செய்ய, எண்ணெய்க் கணக்கைக் கூட்டிப் பார்க்க என்று எல்லாம் அற்பமான, குறை சொல்ல முடியாத காரணங்களாகவே இருந்தன. ஆனால் மணி பார்க்க எடுத்த போனை இருபது நிமிடம் கழித்துக் கீழே வைக்கும்போது மணி என்ன என்பது நினைவில் இருக்காது. உள்ளே போய்விட்டால் வெளியே வர ஒரு நிறுத்தம் கிடையாது. பக்கத்தின் அடி என்பதே இல்லாமல் உருட்டிக்கொண்டே போகும் முறையை 2006இல் வடிவமைத்த அசா ராஸ்கின் என்பவரே பிற்காலத்தில் அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். ஆகவே, உள்ளே போன பிறகு என்னைத் தடுக்கும் கருவியை நான் தேடவில்லை. உள்ளே போவதற்கு நான் சொல்லும் சாக்குகளை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும் ஒரு கருவி வேண்டியிருந்தது. இந்த மதிப்பீடு முழுவதும் அந்த ஓர் உரைகல்லை வைத்துத்தான்.

ஏற்பாடு எளிமையானது. வங்கியில் பதிவான பழைய எண் ஸ்மார்ட்போனிலேயே இருக்கிறது. பட்டன் போனுக்குப் புதிய சிம் ஒன்றை வாங்கி, அந்த எண்ணைப் பதினெட்டு பேருக்கு மட்டும் கொடுத்தேன். டேட்டா இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது என்னைப் போன்றவர்களுக்கு நல்லதாகப் போயிற்று. பயன்படுத்தாத டேட்டாவுக்குப் பணம் கட்டும் எரிச்சல் இல்லை. மாலை ஏழு மணி ஆனதும் ஸ்மார்ட்போன் கூடத்தில் உள்ள மர ஸ்டாண்டுக்குப் போய்விடும். ஒரு காலத்தில் அப்பாவின் தரைவழித் தொலைபேசி வீற்றிருந்த ஸ்டாண்டு அது. அவசரம் என்றால் எழுந்து போய், நின்றபடியே பார்க்கலாம். அதைப் படுக்கைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது மட்டுமே விதி.

இனி போனைப் பற்றி. கையில் எடுத்தால் சோப்புக்கட்டி அளவு. முதுகு வழவழப்பான பிளாஸ்டிக், நகத்தால் நெம்பினால் கழன்றுவிடும், உள்ளே 1,450 எம்ஏஎச் பேட்டரி. இரவில் மட்டும் பேசும் எனக்கு ஐந்து நாள் தாங்குகிறது. பொத்தான்கள் ஒவ்வொன்றும் அழுத்தும்போது தெளிவாக 'டிக்' என்கின்றன, நட்சத்திரப் பொத்தான் மட்டும் இரண்டாம் மாதத்திலேயே மந்தமாகிவிட்டது. அழைப்பு 4ஜி வழியே போவதால் குரல் எதிர்பார்த்ததைவிடத் துல்லியமாகக் கேட்கிறது. ஸ்பீக்கரில் போட்டால் அடுத்த வீட்டுக்கும் கேட்கிறது. உச்சியில் உள்ள டார்ச்சுக்கு ஒரு முன்கதை உண்டு. 2003இல் வந்த நோக்கியா 1100, வளரும் நாடுகளை மனத்தில் வைத்து, தூசு புகாத பொத்தான் பலகையோடும் டார்ச்சோடும் செய்யப்பட்டு, 25 கோடிக்கும் மேல் விற்றது. அந்த நிறுவனத்தின் ஆலை ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கிய காலத்தில், காஞ்சிபுரத்துப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பட்டன் போன் செய்து சம்பாதித்தார்கள். மின்வெட்டு நேரத்தில் ஒரே பொத்தானை அழுத்திப் பிடித்தால் விளக்கு எரிகிறது, திரையைத் தொட வேண்டியதே இல்லை. என் உரைகல்லில் இந்தப் போனுக்கு முழு மதிப்பெண் கிடைத்த இடம் இதுவும் அலாரமும்தான். அலாரத்தை அணைத்த கை அதோடு ஓய்ந்துவிடுகிறது. அணைத்த பிறகு பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்று சொல்வதும் முழு உண்மையாகாது. பாம்பு விளையாட்டு இருக்கிறது. மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு, பாம்பு தன் வாலைத் தானே கடித்துச் சாகும் கட்டத்தில் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. குற்றம் முழுவதும் கருவியின் மேல் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. நல்லவேளையாக அந்த ஆட்டம் பத்து நாளில் தானாகவே அலுத்துவிட்டது. அதற்குப் புதிது புதிதாகத் தீனி போட உள்ளே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எஃப்எம் வானொலி இயர்போன் செருகாமலே பாடுகிறது, 101.4இல் ரெயின்போ தெளிவாக வருகிறது.

பெருங்குறை தமிழில் இருக்கிறது. ஒரு நாள் மாலை மனைவி அனுப்பிய குறுஞ்செய்தியில் 'கொத்தமல்லி' என்ற சொல்லின் முதல் எழுத்தில், ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 'த்' மேல் வைத்த புள்ளியோ தனியாக ஒரு வட்டத்தில் மிதந்தது. படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது, ஆனால் கண் கூசியது. தமிழ் மெனு உண்டு என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் பொருளில், தமிழை எழுத்துக் கூட்டிக் காட்டத் தெரியவில்லை. எழுதுவது அதைவிடச் சிரமம். ஒரு மெய்யெழுத்துக்குப் பல அழுத்தங்கள் தேவைப்படுகின்றன. இதோடு குறுஞ்செய்தியின் பழைய கணக்கு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் என்றால், தமிழில் 70தான். அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. 'கொத்தமல்லி' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கொம்பும் காலும் சேர்ந்து ஒன்றாகவும், புள்ளியும் விசிறியும் தனித்தனியாகவும் எண்ணப்படுவதால் அங்கே அது பத்து. ஆக, கடைக்குப் போகும் கணவனுக்கு எழுதும் சாதாரணப் பட்டியல் ஒன்றே இரண்டு செய்திகளாகிவிடுகிறது. இப்போது மனைவி தங்கிலீஷில்தான் எழுதுகிறார், நான் அழைத்துப் பேசிவிடுகிறேன். அழைத்துப் பேசுவது கூடியிருப்பது ஒரு வகையில் ஆதாயம் என்று நினைத்தாலும், அந்தக் குறையை நிறையாக எழுத மனம் வரவில்லை.

அடுத்த சிக்கல் பணம். பட்டன் போன்களுக்கென்றே யுபிஐ 123பே என்ற முறையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்தது. ஓர் எண்ணை அழைத்து, குரல் சொல்லும்படி பொத்தான்களை அழுத்திப் பணம் அனுப்பலாம். ஆனால் வங்கியில் பதிவான எண்ணிலிருந்து அழைத்தால்தான் அது நடக்கும், என் புதிய எண்ணுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எனவே மாலையில் வெளியே போகும்போது சட்டைப்பையில் நோட்டுதான். எங்கள் தெருமுனைக் காய்கறிக்கார அம்மாவிடம் முப்பது ரூபாய்க் கீரைக்கும் பச்சைமிளகாய்க்கும் ஐந்நூறு ரூபாயை நீட்டியபோது, "ஜிபே இல்லியா சார்?" என்று கேட்டுவிட்டு, நான் கையிலிருந்ததைக் காட்டியதும் சிரித்து, "அப்ப நாளைக்குக் குடுங்க" என்றார். இப்போது அவர் கடைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் ஓரத்தில் என் பெயரில் ஒரு சிறு கணக்கு ஓடுகிறது. எழுதும்போது இது அழகாகத் தோன்றும். ஆனால் ஆட்டோவில் இறங்கும்போதும், மருந்துக்கடை வரிசையில் பின்னால் நான்கு பேர் நிற்கும்போதும் அழகாக இருப்பதில்லை.

மூன்றாவது குறை போனுடையது இல்லை, என்னுடையது. அது தெரிவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. மகளின் பள்ளி அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் இரவு எட்டு மணிக்கு வரும். கேஸ் சிலிண்டர், கூரியர், அபார்ட்மெண்ட் குழுவில் தண்ணீர் லாரிச் செய்தி ஆகிய எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் பார்க்காதவற்றை மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் அமர்ந்து புத்தகம் வாசித்த மாலைகளில் அவருடைய திரை நேரம் கூடியிருக்கிறது. "உங்க தவத்துக்குக் காவல் நானா?" என்று ஒரு நாள் கேட்டார், கேள்வியில் கோபம் குறைவாகவும் நியாயம் அதிகமாகவும் இருந்தது. அதன் பிறகு முறை வைத்துக்கொண்டோம்: செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் பட்டன் போன் அவர் கையில், குழுக்களைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம். பதினெட்டு பேர் பட்டியலில் இப்போது அவருடைய தோழிகள் ஐந்து பேரையும் சேர்த்திருக்கிறோம். இந்த வகைப் போனைப் புகழ்ந்து எழுதும் ஆண்கள் இந்தக் கணக்கையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கருத்து.

வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பட்டன் இருக்கிறது என்பதாலேயே அது சாதுவான போன் ஆகிவிடாது. 2024இல் மறுபிறவி எடுத்து வந்த நோக்கியா 3210 போன்ற புதிய 4ஜி மாதிரிகளில் யூடியூப் ஷார்ட்ஸும் வருகிறது. கட்டைவிரலால் தள்ளுவதற்குப் பதில் பொத்தானால் தள்ளலாம், அவ்வளவுதான் வேறுபாடு. அந்த வசதி தேவைப்படுவோர் உண்டு, ஸ்மார்ட்போன் வாங்க முடியாத வீட்டில் அதுவே உலகத்துக்கு ஜன்னல். என் நோக்கத்துக்கு மட்டும் அது உதவாது. மறுகோடியில், அமெரிக்காவின் லைட் ஃபோன் போன்றவை இதே எண்ணத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை. 2019இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு சில நூறு டாலர் விலையில் விற்றது. குறைவாகச் செய்யும் பொருளுக்கு அதிக விலை என்பது எனக்கு ஜீரணமாகவில்லை. ரிச்சி தெருவில் 2,250 ரூபாய்க்குக் கிடைக்கும் குறைபாடே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஆறு மாதத்துக்குப் பின் ஸ்மார்ட்போன் காட்டும் கணக்கு இரண்டு மணி ஐம்பது நிமிடம், திறந்த தடவைகள் 46. அலுவலக நேரத்தில் அதிக மாற்றம் இல்லை, குறைந்ததெல்லாம் மாலையிலும் விடியற்காலையிலும்தான். எந்த நேரத்திலும் வேலைக்குக் கூப்பிடப்படும் டெலிவரித் தொழிலாளிக்கோ, பெற்றோர் வெளியூரில் நோயாளியாக இருந்து வீடியோவில் பார்க்க வேண்டியவருக்கோ இந்த ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதை ஒரே போனாக வைத்துக்கொள்ளும்படி யாருக்குமே சொல்ல மாட்டேன். வீட்டில் இன்னொருவர் முறை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தால், மாலைக்கு மட்டுமான இரண்டாவது போனாக இது கொடுத்த காசுக்கு உழைக்கிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். குறைத்த ஒன்றரையில் ஒன்று தமிழுக்காக.

கடைக்குப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் தங்கள் சிம்மை அதில் போட்டு, பக்கத்தில் நிற்பவர் போனிலிருந்து 'கொத்தமல்லி' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லிப் பாருங்கள். கொம்பு சரியான இடத்தில் நின்றால் எந்த மாதிரி என்று எனக்கும் தெரிவியுங்கள். நட்சத்திரப் பொத்தான் முழுதாகப் படுத்துவிடும் நாளில் நானும் மறுபடி ரிச்சி தெருவுக்குப் போக வேண்டியிருக்கும்.