டாரன்டுலா பெட்டியில் ஈ: மண்ணை மாற்றுவதா, காயவிடுவதா?

டாரன்டுலா என்ற பெரிய மயிர்ச் சிலந்தியை வளர்க்கும் பெட்டிக்குள் பொடி ஈக்கள் திரிய ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். மண்ணை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடலாம். அல்லது இருக்கிற மண்ணையே காயவிட்டு, இரையின் மிச்சங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு காத்திருக்கலாம். நான் காயவிட்டேன், கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். பூச்சிக்கொல்லி ஸ்பிரே பற்றிப் பேசவே வேண்டாம், ஈயோடு சிலந்தியும் போய்விடும்.

முதலில் எந்த ஈ என்று பாருங்கள். ஒல்லியான உடலும் நீளக் கால்களுமாகத் தள்ளாடிப் பறந்தால் பூஞ்சை ஈ. அதன் புழு ஈர மண்ணில் பூஞ்சையைத் தின்று வளரும், பெரும்பாலும் வெறும் தொல்லைதான். கூன் முதுகோடு பெட்டிச் சுவரில் விட்டு விட்டு ஓடினால் ஃபோரிட் ஈ. விரட்டினாலும் பறப்பதைவிட ஓடத்தான் பார்க்கும். இரையாகப் போட்டுச் செத்துப்போன கிரிக்கெட் பூச்சியும், சிலந்தி மென்று போட்ட சக்கை உருண்டையும் இதற்குப் போதும். உயிரோடிருக்கும் டாரன்டுலாவையே இதன் புழுக்கள் தின்றதும் பதிவாகியிருக்கிறது, அதனால் சிலந்திக்குக் காயம் இருந்தால் யோசிக்காமல் மண்ணை மாற்றிவிடுங்கள்.

மண் மாற்றுவதில் லாபம் வெளிப்படை: முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் ஒரே நாளில் வெளியே. சின்னக் கப்பில் வளரும் குஞ்சுக்கு அது சுலபமும்கூட.

வளர்ந்த சிலந்திக்கு வேறு கணக்கு. அது மாதக்கணக்கில் தோண்டி, உள்ளே பட்டு இழைத்து வைத்த வளை போய்விடும். புது மண்ணில் இறக்கிவிட்டால் இரை எடுக்காமல் சுவரிலேயே ஏறிக்கொண்டிருக்கும். வயிறு பருத்த டாரன்டுலா உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்தே சாகலாம். வளையின் வாயைப் பட்டால் அடைத்திருந்தால் உள்ளே தோலுரித்துக்கொண்டிருக்கவும் கூடும், அப்போது மண்ணில் கை வைக்கவே கூடாது. இவ்வளவுக்கும் பிறகு புதுத் தென்னைநார்த் தூளும் ஈரமாகத்தான் உள்ளே போகிறது. அந்த ஈரமும் இரை மிச்சமும் இருக்கிறவரை காற்றுத் துளை வழியாக அடுத்த ஈ வரும், திரும்பவும் அதே வேலை.

காயவிடுவதில் சிலந்தியைத் தொடவே வேண்டியதில்லை. மண்ணில் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் நிரப்பி வையுங்கள். பிராக்கிபெல்மா, கிராமோஸ்டோலா மாதிரி காய்ந்த மண்ணைத் தாங்கும் டாரன்டுலா வகைகளுக்கு அது போதும். இரை கொடுத்த மறுநாள் நீள இடுக்கியால் சக்கையை எடுத்துவிடுங்கள், சாப்பிடாத கிரிக்கெட்டையும் சேர்த்து. ஒட்டும் அட்டையைப் பெட்டிக்கு வெளியே, காற்றுத் துளைக்குப் பக்கத்தில் வையுங்கள். உள்ளே வைத்தால் சிலந்தியின் கால்தான் ஒட்டும். அப்புறம், துளைகளுக்கு நெருக்கமான கண்ணுள்ள வலை.

பொறுமை வேண்டும், அதுதான் இதிலுள்ள குறை. பூஞ்சை ஈ முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர 3 முதல் 4 வாரம் பிடிக்கும். அட்டையில் ஈ விழுந்துகொண்டே இருக்கிறதே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

தெரபோசா மாதிரி ஈரம் கேட்கும் சிலந்திகளை நான் வளர்த்ததில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். அவற்றின் மண்ணை முழுதாகக் காயவிட முடியாது என்பது மட்டும் நிச்சயம். ஸ்பிரிங்டெயில் என்ற, மண்ணில் வாழும் துள்ளும் பொடி உயிரியை விடலாம், ஆனால் அது ஈப்புழுவைத் தின்னாது, பூஞ்சையைத் தின்று புழுவின் சாப்பாட்டைக் குறைக்கும், அவ்வளவுதான். கொசுப்புழுவுக்குப் போடும் பிடிஐ பாக்டீரியா பூஞ்சை ஈயின் புழுவையும் கொல்லும். நான் அதைச் செடித்தொட்டியில்தான் போட்டிருக்கிறேன். ஈர வகை என்னிடம் இருந்தால் மூலையில் ஒரு குழாயைச் செருகி அடிமண்ணுக்கு மட்டும் தண்ணீர் விடுவேன், மேல்மண் காய்ந்தே கிடக்கட்டும்.