கணக்காளருக்கு உணர்வுசார் நுண்ணறிவுப் பயிற்சி: எதில் நேரத்தைப் போடலாம்?

சில்லறை ரொக்கத்தில் கணக்கு உதைக்கிறது. தணிக்கைக்கு வந்த இளையவர் வவுச்சர் கேட்கிறார். காசாளரின் முகம் சுருங்குகிறது: "அப்போ நான் எடுத்துட்டேன்னு சொல்றீங்களா?" பதிலுக்குக் குரல் உயர்ந்தால் உறவு போச்சு, பம்மிவிட்டால் தணிக்கையே போச்சு. தன் உணர்ச்சியையும் எதிரில் இருப்பவரின் உணர்ச்சியையும் புரிந்து கையாளும் திறன்தான் உணர்வுசார் நுண்ணறிவு. இந்த அரை நிமிடத்துக்கு ஆளைத் தயார்செய்வது எது என்பதே என் அளவுகோல்.

இணையவழிப் பாடம் செலவு குறைவு, தொடர்கல்வி மணிநேரக் கணக்குக்கும் உதவும். உளவியலாளர்கள் சலோவி, மேயர் இருவரும் 1990-இல் முன்வைத்த இந்தக் கருத்தாக்கத்தை அறிய அது போதும். ஆனால் திரை யாரிடமும் கோபப்படாது. ஒருநாள் பட்டறை உற்சாகம் தரும், திரும்பிப் பயிற்சி செய்யாவிட்டால் சீக்கிரம் வடிந்துவிடும்.

என் ஓட்டு, வாரம் ஒருமுறை கூடும் சிறு குழுவின் நடிப்புப் பயிற்சிக்கு. ஒருவர் கேட்பவர், ஒருவர் காசாளர், மூன்றாமவர் கவனிப்பவர். "நீங்கள் ஏன் வைக்கவில்லை?" என்று தொடங்கியவர், நாலாவது முறை இப்படிக் கேட்கிறார்: "உங்க மேல சந்தேகமில்லை, எல்லாரிடமும் கேட்பதுதான். வாங்க, சேர்ந்தே தேடுவோம். ஆனா வவுச்சர் இல்லாம இதை முடிக்க முடியாது." கனிவும் இருக்கிறது, பிடியும் தளரவில்லை. வாடிக்கையாளர் மனம் கோணாமல் நடப்பதை மட்டும் சொல்லித்தரும் பயிற்சியாளர் நமக்கு வேண்டாம். எதையும் சான்று பார்க்காமல் ஏற்காத தொழில்முறை ஐயத்தை அது அரித்துவிடும்.

தனிநபர் வழிகாட்டல் செலவு அதிகம். புதிதாகக் குழுவை நடத்தத் தொடங்கிய மேலாளருக்கு மட்டும் அதைப் பரிந்துரைப்பேன்.

பயிற்சியின் பலனை அளப்பதிலும் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஈக்யூ-ஐ 2.0 (EQ-i 2.0) என்ற வினாத்தாள்: அதன் 133 கூற்றுகளுக்கும் நம்மை நாமே மதிப்பிட்டுப் பதில் தருகிறோம். மற்றது, எம்எஸ்சிஇஐடி (MSCEIT) என்ற தேர்வு: அது முகப்படங்களைக் காட்டி உணர்ச்சியைக் கண்டுபிடிக்கச் சொல்வது போன்ற கேள்விகளால் திறனையே சோதிக்கிறது. நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ உறுதிமொழி மட்டும் போதிய சான்றாகாது என்கிறது சர்வதேசத் தணிக்கைத் தரநிலை 580. அதைப் படித்துத் தேறிய நாம், நம்மைப் பற்றிய நம் வாக்குமூலத்தை மட்டும் அப்படியே ஏற்கலாமா? நான் இரண்டாவதையே எடுப்பேன். கூடவே, குழுவில் கவனித்தவரின் குறிப்பையும் சேர்த்துப் பார்ப்பேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். அந்த நாட்களில் தூங்கவே நேரம் இருக்காது.