லான்ட் றோவரா, 4டிஆர்5 ஜீப்பா, குட்டிச் சுசுக்கியா: யாழ்ப்பாணத்து உப்புக்குள் எது நிக்கும்?

2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிற்பாட்டினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் வழி விட்டது 2025 மாசியில்தான். இடைப்பட்ட காலத்தில் கோடிக்குள் வேப்பமரத்துக்குக் கீழே கோழி அடைந்து கிடந்த ஜீப்புக்கும் ஆட்கள் விலை சொல்லத் தொடங்கினார்கள். அப்படி ஒன்றை வாங்கி, கையில் இருக்கிற காசுக்குள் எழுப்பி ஓட நினைப்பவர்களுக்குத்தான் இந்த அலசல்.

யாழ்ப்பாணத்தில் தேடினால் பெரும்பாலும் மூன்று வகைதான் முன்னுக்கு வரும். ஒன்று லான்ட் றோவர் சீரிஸ் வண்டிகள்: 1958இல் வந்த சீரிஸ் 2, 1961இலிருந்து 2ஏ, 1971இலிருந்து சீரிஸ் 3. இரண்டாவது, வில்லிஸ் ஜீப்பின் உரிமத்தை வாங்கி மிற்சுபிசி செய்த ஜீப். எங்கட ஆட்கள் எஞ்சின் பெயரையே வண்டிக்கு வைத்து ‘4டிஆர்5’ என்பார்கள். மூன்றாவது சுசுக்கி எஸ்ஜே410, குட்டி ஜிம்னி. மூன்றுக்கும் இலைவில் சஸ்பென்சன். மூன்றிலும் நாலு சில்லு இழுவையைத் தேவைப்படும்போது மட்டும்தான் போட வேண்டும்; நடுவில் டிபரன்சியல் இல்லாதபடியால் தார் றோட்டில் போட்டு ஓடினால் கியர்ப்பெட்டி இறுகும், ரயர் தேயும்.

வாங்கப் போகிறவர் முதலில் பொனற்றைத் திறப்பார். பிழை அங்கேதான் தொடங்குகிறது. எஞ்சினுக்கு விலை உண்டு, வாங்கி மாற்றலாம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான செசியைக் கறள் தின்றிருந்தால் காசு எங்கே முடியும் என்று ஆருக்கும் சொல்ல ஏலாது.

கறள் எங்கே ஒளிந்திருக்கும்

லான்ட் றோவரை விற்கிறவர் சொல்லும் முதல் வசனம்: “இது அலுமினியம், கறள் பிடிக்காது.” பாதி உண்மை. வெளித் தகடுதான் அலுமினியக் கலவை. செசி, எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள முன் சுவர், கதவின் உள்சட்டம் எல்லாம் இரும்பு. பெட்டி வடிவச் செசி உள்ளுக்குள் இருந்துதான் உக்கும். வெளியில் தார் பூசி மினுங்கும். ஆகவே காந்தத்தோடும் சின்னச் சுத்தியலோடும் போங்கள். மிற்சுபிசியிலும் சுசுக்கியிலும் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டில் ஓட்டிப் பார்த்தால், அது ஒட்டாத இடத்தில் ஓட்டையை மறைக்கப் பூசிய புட்டிப் பசை இருக்கிறது என்று அர்த்தம். லான்ட் றோவரில் இது தலைகீழ். காந்தம் ஒட்டுகிற இடம்தான் பயப்பட வேண்டிய இடம்.

தட்ட வேண்டியவை: பின்பக்கக் குறுக்குச் சட்டம், இலைவில் கொளுவும் தாங்கிகள், செசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், ஓட்டுநரின் கால் வைக்கும் குழி, கதவுத் தூணின் அடி. நல்ல இரும்பு ‘டிங்’ என்று சொல்லும். உக்கியது பழைய மட்பானை மாதிரி ‘தொப்’ என்னும். சந்தேகமான இடத்தில் ஸ்குறூ ட்றைவரை அழுத்துங்கள். உள்ளே போனால் விலையைக் குறைக்கப் பேசலாம், அல்லது திரும்பி வரலாம். இரண்டு பக்க நீளச் சட்டமும் முன் சுவரும் ஒன்றாக உக்கியிருந்தால், இனாமாகத் தந்தாலும் அந்த வண்டி மலிவில்லை.

ஒட்டு வேலை செய்யும்போது உக்கிய இரும்புக்கு மேலே தகடு வைத்து ஒட்ட விடாதீர்கள். இரண்டு மாரி தாங்காது. நல்ல இரும்பு தெரியும் மட்டும் வெட்டி எடுத்து, 2 மி.மீ.க்குக் குறையாத தகட்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்ட வேண்டும். பற்றரி வயரைக் கழற்றாமல் தொடங்கக் கூடாது. லான்ட் றோவரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடை 88 அங்குலமான குட்டை வண்டியில் எரிபொருள் தாங்கி முன் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அதை இறக்காமல் கிட்ட நெருப்புக் கொண்டு போகக் கூடாது. முடிந்த பிறகு செசிக்குள் மெழுகு வகைப் பூச்சை நீள் குழாயால் அடித்து, அடியிலுள்ள வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பியால் குத்திப் பாருங்கள். பழைய எஞ்சின் ஒயிலை அடிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. செலவில்லை, ஆனால் றப்பர் புஷ்கள் ஊதிப்போகும், மணற்காட்டு மணலும் அதில் அப்பிப் பிடிக்கும்.

அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். கதவின் கீழ் விளிம்பு வீங்கியிருப்பது இதனால்தான். திருத்திப் பூட்டும்போது நடுவில் றப்பர் அல்லது பிளாஸ்ரிக் வாசர் வைத்து, நாகம் பூசிய போல்ற் போடுங்கள். அலுமினியத்துக்கு அதற்கென்று உள்ள எச் பிறைமர் அடிக்காமல் பெயின்ற் அடித்தால் ஒரு வருடத்தில் தோல் உரியும்.

மிற்சுபிசி ஜீப் முழுக்க இரும்பு. அது கறளை ஒளிக்காது, முகத்திலேயே காட்டும். தகடுகள் பெரும்பாலும் தட்டையானவை என்பதால் தரைத் தகட்டையும் மட்காட்டையும் உள்ளூர் டிங்கர் பட்டறையே வளைத்துத் தரும். காசு குறைந்தவருக்கு இது பெரிய ஆறுதல். சுசுக்கியின் தகடு மெல்லியது. கண்ணாடிச் சட்டத்தின் அடி, பின் சில்லு வளைவு, பொடி செசியில் உட்காரும் இடங்கள், பின் இலைவில் கொளுவி இவற்றில் ஓட்டை விழும். மெல்லிய தகட்டில் குச்சி வைத்து ஆர்க் வெல்டிங் செய்தால் ஓட்டை அடைபடாது, பெருக்கும். வாயு வெல்டிங்கோ மிக் வெல்டிங்கோ தெரிந்த பட்டறையாகப் பாருங்கள்.

பெயின்ற் எப்போது? மாரி மழைக்குள் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். சோளகக் காற்று எழும்பிய பிறகும் வேண்டாம். மூடிய கொட்டகை இல்லாத பட்டறையில் ஈரப் பெயின்ற்றில் புழுதி வந்து குந்திவிடும். தை கடைசியிலிருந்து சித்திரைக்குள் முடிப்பது நல்லது.

எஞ்சினும் பற்றரியும்

லான்ட் றோவரின் 2286 சிசி பெற்றோல் எஞ்சின் முரட்டுப் பொறுமைசாலி. 92 ஒக்ரேன் பெற்றோலே போதும். வால்வ் இடைவெளி எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, 0.25 மி.மீ.; சாவியும் அளவுத்தகடும் இருந்தால் வீட்டு வாசலில் சரிபார்க்கலாம். ஆனால் குடிக்கும். தினமும் நகரத்துக்குப் போய்வர வைத்திருப்பவருக்கு வண்டியின் விலையை விடப் பெற்றோல்தான் வலிக்கும்.

4டிஆர்5 2659 சிசி டீசல். ரைமிங் பெல்ட் இல்லை. இதே எஞ்சின் மிற்சுபிசி கன்ரர் லொறிகளிலும் வந்ததால் பிஸ்டன், றிங், பெயாரிங் தேடி அலையத் தேவையில்லை. எஞ்சின் சூடான பிறகு ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி பரவாயில்லை. புகை பம்ப் மாதிரி அடித்தால் றிங் போய்விட்டது, அல்லது சிலிண்டர் தேய்ந்துவிட்டது. கறுப்புப் புகைக்கு உடனே எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம் அவசரப்படாதீர்கள்; முதலில் காற்று வடி, பிறகு இன்ஜெக்டர் முனைகள், அதன்பின் பம்ப்.

யப்பானிலிருந்து வந்த டீசல் ஜீப்புகளில் 24 வோல்ற் முறை இருக்கும்: 12 வோல்ற் பற்றரி இரண்டு தொடராக. இங்கேதான் ஆட்கள் அடிக்கடி காசை விடுகிறார்கள். றேடியோவுக்கோ ஹோணுக்கோ ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ற் வயர் இழுத்தால், அந்தப் பற்றரி நாளும் குறைவாகச் சார்ஜ் ஏறும், மற்றது கூடுதலாக ஏறிக் கொதிக்கும். வருடத்துக்குள் இரண்டும் போகும். எஞ்சினை நிறுத்தி சில மணித்தியாலம் விட்டு இரண்டையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒன்று 12.6, மற்றது 12.2 என்று காட்டினால் எங்கேயோ களவு வயர் இருக்கிறது. தீர்வு 24இலிருந்து 12க்கு இறக்கும் சின்னக் கருவி ஒன்று. முழு வண்டியையும் 12 வோல்ற்றுக்கு மாற்றச் சொல்வார்கள். ஸ்ராட்டர், ஒல்ரனேற்றர், குளோ பிளக், பல்ப், வைப்பர், மானிகள் எல்லாம் மாற வேண்டும்; குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கிப் பிடிக்க வைக்கும் குளோ பிளக்கை மறந்தால் காலையில் எஞ்சின் பிடிக்காது.

எஸ்ஜே410இன் எஃப்10ஏ எஞ்சின் 970 சிசி. இதற்கு ரைமிங் பெல்ட் உண்டு; அதை எப்போது மாற்றினார்கள் என்று விற்பவருக்குத் தெரியாவிட்டால், வண்டி வீட்டுக்கு வந்த கிழமையே மாற்றுங்கள். எரிபொருள் தாங்கியின் கறள்தான் காபரேற்றரை அடைக்கும். மூன்று தரம் ஜெற் கழுவியும் திரும்ப அடைத்தால் காபரேற்றரைக் குறை சொல்லாதீர்கள், தாங்கியை இறக்குங்கள்.

சில்லு ஆட்டம்

சுசுக்கியில் 50, 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பள்ளத்தைத் தாண்டியதும் ஸ்ரியறிங் கையைப் பறிக்கிற மாதிரி ஆடினால், முன் சில்லு திரும்பும் ஆணியான கிங்பின்னின் பெயாரிங்கைச் சந்தேகியுங்கள். முன் அச்சைத் தூக்கி ஸ்ராண்டில் வைத்து, சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிறேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் சில்லுப் பெயாரிங். நிற்காவிட்டால் கிங்பின். பெயாரிங் மாற்றும்போது சில்லு திரும்பும் மூட்டிலுள்ள உருண்டையின் சீலையும் கம்பளி வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய சீலோடு விட்டால் காக்கைதீவுச் சேறும் சாட்டிக் கடற்கரை மணலும் உள்ளே போகும், ஆறு மாதத்தில் அதே வேலை.

லான்ட் றோவரில் அந்த உருண்டை வெளியே தெரியும். மேற்பரப்பில் குழி விழுந்திருந்தால் எத்தனை சீல் போட்டாலும் ஒயில் ஒழுகும். உருண்டையை மாற்றக் காசில்லாதவர் ஒயிலுக்குப் பதிலாக அதற்கென்று வரும் அரைத்திரவக் கிறீஸைப் போடலாம். குறுக்குவழிதான், ஆனால் வேலை செய்யும். மிற்சுபிசியில் இந்தப் பக்கம் தலையிடி குறைவு.

கிணற்றுத் தண்ணீர்

சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வரும் எங்கட தண்ணீர் கேத்திலுக்குள் என்ன செய்யுமோ அதையே றேடியேற்றருக்குள்ளும் செய்யும். மூன்று வண்டிக்கும் பொது நோய். பெரிய டீசல் எஞ்சினுக்குத்தான் கெதியில் தெரியும். சூடு ஏறினால், தண்ணீர் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது இங்கே வழக்கமான வைத்தியம். அப்படிச் செய்தால் எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வராமல் ஓடும், டீசல் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டர் கெதியில் தேயும். அதற்குப் பதிலாக 8 லீற்றர் தண்ணீருக்கு 250 கிராம் சிற்றிக் அசிட் கரைத்து ஊற்றி, 20 நிமிடம் ஓடவிட்டு, ஆற விட்டு வடியுங்கள். தெளிந்த தண்ணீர் வரும் மட்டும் கழுவுங்கள். படிவு கரைந்ததும் அதுவரை அடைபட்டிருந்த ஓட்டைகள் ஒழுகக்கூடும். அது அமிலத்தின் குற்றமில்லை. பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரோடு கூலன்ற் மட்டும். மழைத் தண்ணீரை வடித்து எடுத்தாலும் கிணற்றை விடத் திறம்.

சாமானும் புத்தகமும்

சுசுக்கிக்கு இந்திய வழி உண்டு: 1985இல் வந்த மாருதி ஜிப்சியும் எஃப்10ஏ எஞ்சினோடுதான் வந்தது. 4டிஆர்5 சாமானுக்குக் கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் பஸ்ஸில் போய் வரலாம். லான்ட் றோவருக்கு இங்கிலாந்தில் இன்றும் பெரும்பாலான சாமானைப் புதிதாகச் செய்கிறார்கள். கிடைக்காதது குறைவு, தபால் செலவும் தீர்வையும்தான் பையைக் காலியாக்கும்.

லான்ட் றோவரில் வேறு டீசல் எஞ்சின் ஏற்றியிருப்பது சாதாரணம். எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் பதிவுப் புத்தகத்தில் மாற்றப்பட்டிருக்கிறதா என்று முற்பணம் கொடுக்க முன்னம் பாருங்கள். செசி இலக்கத்தைக் கண்ணால் வாசியுங்கள், படம் எடுத்துப் பார்த்தது போதாது. வருடா வருடம் புகைப் பரிசோதனை தாண்டினால்தான் வரிப் பத்திரம்.

எதை வாங்குவது

காசு மட்டு, வண்டி ஒன்றுதான், பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் அடிக்கடி போக வேண்டும் என்றால் சுசுக்கி. பாரம் குறைவு, கடற்கரை மணலில் ரயர் காற்றை 16 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் பெரிய ஜீப் புதையும் இடத்தில் ஏறிவிடும். ஆனால் தகடு நல்லதாக இருந்தால் மட்டும். எஞ்சின் போயிருந்தாலும் தகடு நல்ல வண்டியை எடுங்கள். பூநகரிப் பக்கம் வயல், நெல் மூட்டை, பின்னால் ரெயிலர் என்றால் 4டிஆர்5க்குப் போட்டி இல்லை.

லான்ட் றோவர் இன்னொரு வண்டி வீட்டில் இருப்பவருக்கு. செசியை முதல் வருடம், பிறேக்கையும் ஸ்ரியறிங்கையும் இரண்டாம் வருடம், கதவையும் பெயின்ற்றையும் மூன்றாம் வருடம் என்று பிரித்துச் செய்யப் பொறுமை இருந்தால் எடுக்கலாம். பெயின்ற்றைத்தான் முதலில் செய்ய மனம் இழுக்கும். அப்படி அடித்தால் செசி ஒட்டும்போது அது எல்லாம் கருகும்.