15 கிலோ ரோபோவுக்கு வைப்பர் மோட்டாரா, ஜான்சனா, பிளானட்டரியா?

மோட்டார் வாங்கப் பாரிமுனைக்குக் கிளம்பும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். எதிராளியைத் தள்ளும் 15 கிலோ ரோபோ, 10 செ.மீ. விட்டத்தில் நாலு சக்கரம், நாலுக்கும் தனித்தனி மோட்டார். ரப்பரின் பிடிமானம் 0.8 என்று வைத்தால் மொத்தத் தள்ளுவிசை 12 கிலோ, சக்கரத்துக்கு 3 கிலோ. ஆரம் 5 செ.மீ. ஆகவே 15 கிலோ-செ.மீ. டார்க் (சுழற்றும் விசை) வந்ததும் சக்கரம் வழுக்கும். மோட்டாரின் ஸ்டால் டார்க் (சுற்ற முடியாமல் நிற்கும்போது அது கொடுக்கும் டார்க்) அதைப்போல் இரண்டு மடங்காவது, அதாவது 30 இருக்கட்டும். முட்டி நிற்கும்போது சக்கரம் வழுக்கினால் மோட்டார் பிழைக்கும். சக்கரம் வழுக்காமல் மோட்டார் நின்றுபோனால் புகைதான்.

பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைப்பதால், கார் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மோட்டாருக்குத்தான் முதலில் கை போகும். டார்க் தாராளம். ஆனால் உள்ளே இருப்பது வார்ம் கியர்: திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும். சக்தியில் பாதிக்குப் பக்கம் உரசலிலேயே போய்விடும், வேகமும் நிமிடத்துக்கு 60 சுற்றை ஒட்டித்தான். இந்தச் சக்கரத்தில் அது நொடிக்கு வெறும் 31 செ.மீ.; எதிராளி சாவகாசமாகச் சுற்றி வந்து விலாவில் இடிப்பான். ஒரு திசையில் ஓடவே பிரஷ் அமைந்திருப்பதால், இடமும் வலமுமாக மாட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இதைவிட ஆபத்து ஒன்று உண்டு: பல மாடல்களில் நெகட்டிவ் பாடியோடு சேர்ந்திருக்கும். இரும்புச் சேஸிஸில் நேரடியாக முடுக்கி, ஒன்றை முன்னேயும் ஒன்றைப் பின்னேயும் ஓட்டிய நொடியே ஷார்ட். பாடிக்கும் ஒயருக்கும் மீட்டரை வைத்துப் பாருங்கள். பீப் அடித்தால் நைலான் தட்டும் நைலான் புஷ்ஷும் கொடுத்துத்தான் மாட்ட வேண்டும்.

ஜான்சன் மோட்டார் 5 கிலோவுக்குள் அருமையான பொருள். அதற்கு மேல் வேண்டாம். அதன் கியர்பாக்ஸில் இருக்கும் சாதாரணப் பல்சக்கரங்களில் ஒரு நேரத்தில் ஓரிரு பல்தான் சுமை தாங்கும். முழு வேகத்தில் போகும்போது சட்டென்று ரிவர்ஸ் கொடுத்தால் கடைசிச் சக்கரத்தின் பல் உதிரும்.

15 கிலோவுக்கு எங்கள் ஓட்டு பிளானட்டரிக்குத்தான். விலை அதிகம்தான், ஆனால் கியர்பாக்ஸுக்குள் நடுப் பல்சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு பல்சக்கரங்கள் சுமையைப் பங்கிட்டுக்கொள்வதால் அதே பருமனில் அதிக டார்க் தாங்கும். 6000 ஆர்.பி.எம். (நிமிடச் சுற்று) மோட்டாருக்கு 20:1 கியர்பாக்ஸ் போட்டால் 300 ஆர்.பி.எம்., நொடிக்கு 1.57 மீட்டர். 40:1 போட்டால் வேகம் பாதி, டார்க் ஏறக்குறைய இரட்டிப்பு. சின்னக் களத்துக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதே நல்லது.

பிளானட்டரி போட்டும் தோற்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது சக்கரத்தைச் சாஃப்ட் (சுழலும் தண்டு) நுனியில் தொங்கவிடும் இடத்தில். ஒவ்வொரு இடியும் நேரே கியர்பாக்ஸுக்குள் போகிறது. வியாசர்பாடி லேத் பட்டறைகளில் சக்கரத்தைச் சாஃப்ட்டோடு இணைக்கும் ஹப்பை இறுக்கமான துளையோடு கடையச் சொல்லுங்கள். சாஃப்ட்டின் தட்டையான பக்கத்தில் எம்4 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு), அதற்கு நீலநிற லாக் திரவம் ஒரு சொட்டு, சக்கரத்துக்கு வெளியே இன்னொரு பேரிங்.

30 கிலோவைத் தாண்டினால் 24 வோல்ட் ஸ்கூட்டர் மோட்டாரும் செயினும் யோசிக்கலாம். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். எண்ணெய் மறக்கக் கூடாது.

மோட்டாருக்குக் கரன்ட் கொடுத்துக் கட்டுப்படுத்தும் டிரைவர் போர்டுக்கு வருவோம். எல்298என் போர்டு சேனலுக்கு 2 ஆம்பியர்தான், இந்த வேலைக்கு ஆகாது. மோட்டார் ஒயர்களுக்கு இடையே 0.8 ஓம் காட்டினால் 12 வோல்ட்டில் ஸ்டால் கரன்ட் 15 ஆம்பியர். சாஃப்ட்டை மெல்லத் திருப்பி நாலைந்து இடத்தில் அளந்து, இருப்பதிலேயே குறைந்த ஓமை வைத்துக் கணக்குப் போட்டு போர்டு வாங்குங்கள்.