கப்பலா, ரயிலா? குடும்பத்தோடு மத்தியதரைக் கடல் நகரங்களைப் பார்க்கும் இரு வழிகள்

ஐரோப்பாவுக்கு முதல் முறையாகக் குடும்பத்தோடு செல்லத் திட்டமிடுபவர்கள் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, சிவிட்டாவெக்கியா, பலெர்மோ என்று ஒரே வாரத்தில் சுற்றி வரும் குரூஸ் பயணம். மற்றொன்று, ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் ஆகிய நகரங்களில் சில இரவுகள் தங்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரயிலில் செல்லும் பயணம். பயண முகவர்கள் இவ்விரண்டையும் விலையை வைத்தும், எத்தனை நாடுகள் என்ற கணக்கை வைத்தும் ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். அந்த அளவுகோல் போதாது என்பது என் உறுதியான கருத்து. கப்பல் வந்து நிற்கும் துறைமுகத்திலிருந்து நாம் பார்க்க விரும்பும் இடம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

குரூஸ் அட்டவணையில் ரோம் என்று அச்சிட்டிருந்தாலும், கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் நகரம் சுமார் 70 கிலோமீட்டர். கப்பல் காலை 7 மணிக்கு வந்து மாலை 7 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்குவதற்கான வரிசை, துறைமுக வாயில் வரை செல்லும் பேருந்து, அங்கிருந்து ரயில் நிலையம், பிறகு சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் என்று முற்பகலில் பெரும்பகுதி கரைந்துவிடும். திரும்பும்போதும் அதே நேரம் தேவை. கப்பல் கிளம்புவதற்கு வெகு முன்பே ஏறிவிட வேண்டும் என்பதால் கூடுதலாக ஒரு மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ளவும் வேண்டும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகச் சென்றவர்களுக்காகக் காத்திருக்காது. ஆக, ரோமில் நிம்மதியாகக் கழிக்கக் கிடைப்பது ஐந்து அல்லது ஆறு மணி நேரமே. அதற்குள் கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகம் இரண்டையும் குழந்தைகளோடும் முதியவர்களோடும் பார்க்க முயல்வது அவர்களை வதைப்பதாகும்.

கப்பலில் போயே தீர வேண்டும் என்றால், வத்திக்கானை மட்டும் தேர்ந்தெடுப்பது நல்லது. சிவிட்டாவெக்கியாவிலிருந்து வரும் ரயில்கள் பல, ரோமின் மைய நிலையத்துக்கு முன்பே சான் பியெத்ரோ நிலையத்தில் நிற்கும். அங்கே இறங்கினால் புனித பேதுரு பேராலயம் நடந்து போகும் தூரம்தான். ஆனால் கிழமை பார்க்க வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகம், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பதில்லை. புதன்கிழமை காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடந்தால் பேராலயத்துக்குள் செல்ல இயலாது. ரோமிலேயே தங்கியிருப்பவர் நாளை மாற்றிக்கொள்ளலாம். கப்பலில் வந்தவருக்கு அந்த ஒரு நாளை விட்டால் வேறு நாள் இல்லை.

ஃபுளோரன்ஸின் நிலையும் இதுவே. கப்பல் நிற்கும் லிவோர்னோ சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உஃபிட்ஸி அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. லிவோர்னோவில் இறங்கும் குடும்பத்துக்கு நான் பீசாவையே பரிந்துரைப்பேன். அது அருகில் இருக்கிறது, சாய்ந்த கோபுரத்தைச் சுற்றியுள்ள புல்வெளியில் பெரியவர்கள் இளைப்பாறலாம், எல்லாம் சேர்ந்து அரை நாளில் முடிந்துவிடும். எட்டு வயது நிரம்பாத குழந்தைகளைக் கோபுரத்தின் மேல் ஏற விடமாட்டார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ஃபுளோரன்ஸைப் பார்க்க ரயில் பயணமே உகந்தது. ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இருக்கலாம். பகல் கூட்டம் கலைந்த பிறகு ஆர்னோ ஆற்றின் மறுகரையில் இருக்கும் மைக்கேலாஞ்சலோ சதுக்கத்துக்கு ஏறி, பேராலயத்தின் செங்கூரை மீது மாலை வெயில் இறங்குவதைப் பார்ப்பதற்கு நகரத்தில் இரவு தங்க வேண்டும். அந்த நேரத்தில் கப்பல் பயணி துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்.

இதனால் கப்பல் பயணமே வீண் என்று சொல்ல வரவில்லை. நகரத்தின் வாசலிலேயே துறைமுகம் இருக்கும் ஊர்களில் கப்பலுக்கு இணையாக ரயிலைச் சொல்லவே முடியாது. நேப்பிள்ஸில் கப்பலை விட்டு இறங்கினால் எதிரிலேயே நூவோ கோட்டை நிற்கும். சில நிமிடம் நடந்தால் முனிசிப்பியோ மெட்ரோ நிலையம். அங்கிருந்து கரிபால்டி நிலையம் சென்று சிர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலைப் பிடித்தால் சுமார் 40 நிமிடத்தில், எரிமலை புதைத்த பண்டைய ரோமானிய நகரமான பாம்பெய். நிலையத்துக்கு எதிரிலேயே அகழாய்வுத் தளத்தின் வாயில் இருக்கிறது. ரயில் நெரிசலாக இருக்கும். பணப்பையைக் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும். கோடை வெயிலில் பாம்பெயின் கல் பாவிய தெருக்களில் மணிக்கணக்கில் நடக்க முடியாத முதியவர்கள் உடன் வந்தால், அதே ரயிலில் பாதி வழியில் இருக்கும் எர்கொலானோவில் இறங்கிவிடலாம். பரப்பில் சிறியது என்றாலும், கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த வீடுகளின் மாடிகளும் கரியாகிப்போன மர உத்தரங்களும் அங்கே இன்னும் நிற்கின்றன. என் கண்ணுக்கு அது பாம்பெயைவிட மனத்தை அதிகம் தொடும் இடம்.

மால்ட்டாவின் வல்லெட்டா இன்னும் ஒரு படி மேலானது. கோட்டைச் சுவர்களுக்கு நடுவே பெருந்துறைமுகத்துக்குள் கப்பல் நுழைவதே ஒரு காட்சி. விமானத்தில் வருபவருக்கு அது கிடைக்காது. 2012இல் திறக்கப்பட்ட 58 மீட்டர் உயர மின்தூக்கி, கரையிலிருந்து நேராக மேல் பராக்கா தோட்டத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. நண்பகல் 12 மணிக்கு அங்கே பீரங்கி வெடிப்பதைக் குழந்தைகள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

வெனிஸைப் பொறுத்தவரை பழைய புகைப்படங்களை நம்ப வேண்டாம். புனித மாற்கு சதுக்கத்தை ஒட்டிப் பெருங்கப்பல்கள் செல்வது 2021 ஆகஸ்ட் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. இப்போது அவை வெனிஸுக்கு எதிரே நிலப்பகுதியில் உள்ள மார்கேராவிலோ, சாலை வழியே ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ரவென்னாவிலோ நிற்கின்றன. ரயிலில் வருபவர் சாந்தா லூசியா நிலையத்தை விட்டு வெளியே வந்தால் காலடியில் பெருங்கால்வாய்.

உடல் உழைப்பைக் கணக்கிட்டால் தராசு கப்பல் பக்கம் சாய்கிறது. பெட்டியை ஒரே முறை திறந்து ஒரே முறை மூடினால் போதும். ரயில் பயணத்திலோ ஒவ்வொரு நகரத்திலும் பெட்டிகளைக் கல் பாவிய தெருக்களில் இழுக்க வேண்டும். பழைய கட்டடங்களில் இயங்கும் விடுதிகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. வெனிஸின் பாலங்கள் பெரும்பாலும் படிகளே. முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் இதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கப்பலிலோ, பெரியவர்கள் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்றால் கேபினிலும் மேல்தளத்திலும் இருந்துகொள்ளலாம், மற்றவர்கள் ஊரைப் பார்த்து வரலாம்.

உணவிலும் அப்படித்தான். சைவ உணவு வேண்டுமென்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டுவிட்டால் பெரும்பாலான கப்பல்களில் ஏற்பாடு இருக்கும். இத்தாலிய நகரங்களில் மார்கரிட்டா பீட்சாவும் தக்காளிப் பாஸ்தாவும் எங்கும் கிடைக்கும். ஆயினும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி சேர்வதால், கண்டிப்பான சைவர்கள் அதைத் தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

செலவைப் பார்க்கும்போது கப்பலின் முகப்பு விலையோடு நின்றுவிடக் கூடாது. தினசரிச் சேவைக் கட்டணம், பானங்கள், இணையம், கரைச் சுற்றுலாக்கள் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று தனியே சேரும். நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது சிறு தொகை அல்ல. தரைவழியில் செல்லும் குடும்பத்துக்கு ஒரு நல்ல சலுகை உண்டு. கொலோசியம், உஃபிட்ஸி, பாம்பெய் உள்ளிட்ட இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் தளங்களிலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவராயினும், நுழைவு இலவசம். வத்திக்கான் தனி நாடு என்பதால் இது அங்கே பொருந்தாது. அதிவேக ரயில் சீட்டுகளை முன்கூட்டியே எடுத்தால் விலை வெகுவாகக் குறையும். சாதாரண ரயிலுக்குக் காகிதச் சீட்டு எடுத்தால், ஏறும் முன் நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், தவறினால் அபராதம்.

என்னைக் கேட்டால், குறைந்தது பத்து நாட்கள் ஒதுக்க முடிந்த குடும்பம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் ரோமில் மூன்று இரவுகள் தங்கி நகரத்தைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டு, சிவிட்டாவெக்கியாவில் கப்பல் ஏறலாம். வாரச் சுற்றில் பயணிகள் வெவ்வேறு துறைமுகங்களில் ஏறிக்கொள்ளச் சில நிறுவனங்கள் அனுமதிப்பதால் இது எளிது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. விமானம் தாமதமானால் விடுதி காத்திருக்கும், கப்பல் காத்திருக்காது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில், பல முறை நுழைய அனுமதிக்கும் வகையையே கேட்க வேண்டும். கப்பல் துனிசியாவிலோ துருக்கியிலோ ஒரு நாள் நின்றுவிட்டு வந்தாலும் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மீண்டும் நுழைந்ததாகவே கணக்கு. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், கப்பலின் முழு வழித்தடத்தையும் கையில் வைத்துக்கொண்டு, இரவுகளை நாடு வாரியாக எண்ணிய பிறகே விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்குங்கள்.